அத்தாவின் குதிரையைத் தேடி

இதுவரை நான் ஊருக்கு வந்ததெல்லாம் கல்யாணத்துக்கோ மௌத்துக்கோதான். ஒரு கம்ப்யூட்டருக்காக விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை.

விருதுநகரில் அத்தா மாடியில் தனியாக இருக்கிறார். அம்மா இறந்த பிறகு கீழ்வீட்டில் இருக்கும் அம்மாவின் தங்கை, சாச்சிதான் மூன்று வேளையும் சாப்பாடு அனுப்புகிறார். அத்தாவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. சில மாதங்களாக அதில் பேங்க் பக்கம் திறப்பதில்லை. காலையில் போட்டதும் நீலப் பெட்டி ஒன்று வந்து, இந்தச் சிஸ்டத்தின் காலம் முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போகிறது. சாச்சி போனில் சொன்னார்: "பாலுக்குத்தான் தேதி போடுவாக. கம்ப்யூட்டருக்குமாம்மா போடுறாக?"

கடைக்காரர் யாரையாவது வரச் சொன்னால் போதாதா என்று என் கணவர் கேட்டார். எனக்கு மனமில்லை. கோலாலம்பூரில் எங்கள் அலுவலகத்தில் புதுச் சிஸ்டத்துக்கு மாறியபோது பெரியவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சீனக் கிழவர் ஒருவர் நன்றி சொல்லி ஒரு கூடை ரம்புத்தான் பழம் கொடுத்தார். அந்தத் தைரியத்தில் புது லேப்டாப் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மதுரையில் இறங்கி விருதுநகர் பஸ்ஸைப் பிடித்தேன். கள்ளிக்குடி தாண்டியதும் பின் டயர் போய்விட்டது. டிரைவர் இறங்கி டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். கோலாலம்பூரில் ரயில் கொஞ்சம் தாமதமானாலே ஒலிபெருக்கியில் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே கண்டக்டர், "எறங்கி நில்லுங்க, காத்து வரும்" என்றார். உண்மையிலேயே காற்று வந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் ஒரு வெள்ளரிக்காயை உடைத்து, பாதியில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி என்னிடம் நீட்டினார். சாத்தூர்க்காரர். என் பயணப் பையைப் பார்த்துவிட்டு எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷம் கம்ப்யூட்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க அப்பனுக்குப் போன்ல பச்சையத் தொடணும், செவப்பத் தொடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன். இன்னும் நான் கூப்புட்டா கட் பண்ணிப்புட்டு, யாரோ கூப்புட்டாகன்னு வீட்ல சொல்லுறாரு. பொறுமையாச் சொல்லிக் குடுங்கம்மா. அவுகளுக்குச் சொல்லிக் குடுக்கையிலதான் நம்ம மொகம் எம்புட்டுக் கடுகடுன்னு இருக்கும்னு நமக்கே தெரியுது."

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அத்தா குடையோடு நின்றிருந்தார். டயர் போனதைச் சொல்ல நான் போன் செய்திருந்தேன். "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியும் இருந்தார். ஆனாலும் வெயிலில் நின்றிருந்தார்.

"எம்புட்டு நேரமா நிக்கிறீக?"

"இப்பத்தாம்மா வந்தேன்" என்றார். பின்னால் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினார்.

அத்தா லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவர். சிவகாசி வெடி லோடுகளை வடக்கே அனுப்புகிற ஆபீஸ். லாரிச் சத்தத்திலும் கத்தலிலும் வாழ்ந்த மனிதருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் அருகில் நின்று சத்தமாகச் சொன்னால் விழும். நான் வாங்கி அனுப்பிய காது மெஷின் விசில் அடிக்கிறது என்று டப்பாவிலேயே இருக்கிறது. ஆனாலும் போனில் நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுவார். "நல்லா இருக்கேன். மருமகன் நல்லா இருக்காகளா? பிள்ளைக நல்லா இருக்கா? சரிம்மா." இந்த வரிசை மாறியதே இல்லை. அதை நான் கவனித்ததும் இல்லை.

அன்று ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வந்திருந்தார். மலேசியாவில் தெருவுக்குத் தெரு பரோட்டா உண்டு, மெத்தென்று இருக்கும். இதைக் கடித்தால் சத்தம் வரும். சால்னாவை ஊற்றி ஊறவிடாமல் சாப்பிட்டேன். அத்தா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். பழைய பெட்டி மேசைக்கடியில் உறுமிக்கொண்டு கிடந்தது. கீபோர்டில் சில எழுத்துகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. அத்தா அதிகம் டைப் அடிக்கிறவர் என்று அதைப் பார்த்தாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் போட்டோ, அம்மாவின் போட்டோ, பேங்க் ரசீதுகள், யாரோ அனுப்பிய பயான் சொற்பொழிவுகள் எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு ஏற்றினேன். பழையதை எடுத்துக்கொள்வதாகப் பஜாரில் ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தார். அத்தாவின் பேங்க் விவரமெல்லாம் இருந்த பெட்டி. அப்படியே கொடுத்துவிட முடியாது. யாராலும் திரும்ப எடுக்க முடியாதபடி முழுக்க அழிக்கிற ஒரு புரோகிராமை ஓட்ட முடிவு செய்தேன். அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

அழிப்பதற்கு முன்னால் கேட்கத்தான் செய்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அத்தா, போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. வேற எதும் இதுல வேணுமா? இல்லாட்டி அழிச்சிரவா?"

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கட்டிலிலிருந்து, "சரிம்மா" என்று வந்தது.

பட்டனை அழுத்தினேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கடைக்காரர் வந்து பெட்டியை ஸ்கூட்டர் முன்னால் நிறுத்திக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனார்.

பாடம் நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது. டச்பேடில் விரலை வைத்தால் அம்புக்குறி எங்கெங்கோ ஓடுகிறது என்றார். மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். எதையும் இரண்டு தடவை தட்டுவது பழக்கமாகியிருந்ததால், ஒரு தடவை தட்ட வேண்டிய இடத்தில் எல்லாமே திறந்து மூடியது. ஸ்டார்ட் பொத்தான் மூலையில் இல்லாமல் நடுவில் இருந்தது அவருக்குப் பெரிய குழப்பம்.

"மூலையிலதானே கெடந்துச்சு? எதுக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கு?"

"அழகுக்குத்தான் அத்தா."

"என்னது?"

"அழகுக்கு."

"ஓ" என்றார். அவருக்கு அதில் அழகு தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எல்லாவற்றையும் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலம் எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டுச் சொன்னார்: "அத்தாவுக்குப் பாஸ்வேர்ட மட்டும் கத்திச் சொல்லாதீக. எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாயிருச்சு." அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். புதியதை அத்தாவின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் மாலை அஸர் தொழுதுவிட்டு வந்ததும் அவராகவே லேப்டாப் முன் உட்கார்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார், மூடினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "குதிரை எங்கம்மா?" என்றார்.

"என்ன குதிரை?"

"கறுப்புக் குதிரை. கீழ, இந்த ஓரத்துல நிக்கும்."

செஸ் விளையாட்டு என்று புரிந்தது. பழைய திரையில் குதிரைத் தலை படம் ஒன்று இருந்ததாக ஞாபகம் வந்தது. விளையாட்டுத்தானே என்று நினைத்துக்கொண்டு, நல்ல செஸ் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். வண்ணமான பலகை, பளபளப்பான காய்கள். அத்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இல்லம்மா."

"இதுவும் செஸ்தான் அத்தா. கம்ப்யூட்டரே ஒங்க கூட ஆடும்."

"கம்ப்யூட்டர் ஆடுமா?" என்று கேட்டார். லேப்டாப்பை மெதுவாக மூடி வைத்தார்.

அடுத்த நாள் சாச்சியோடு உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருந்தேன். புது மெஷின் மச்சானுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது, ஆனால் சாயங்காலமானால் முகம் வாடிப்போகிறது என்றேன்.

"வாடாம என்ன செய்யும்? சாயங்காலம் பூராவும் அந்தப் பெட்டியிலதான ஆளோட பேசிக்கிட்டு இருப்பாக."

"யாரோட?"

"எனக்கென்னம்மா தெரியும். டொக்கு டொக்குன்னு தட்டுவாக. தானாச் சிரிப்பாக. ஒரு நா ரொம்பச் சிரிச்சு பொரையேறிப் போச்சு, நான் ஓடிப்போய் தண்ணி குடுத்தேன். மக்ரிபுக்குப் பாங்கு சொல்லுறது அவுகளுக்கு எங்க கேக்கும்? நான்தான் போய் லைட்டப் போட்டுட்டு வருவேன். அப்பத்தான் எந்திரிப்பாக."

மாடிக்குப் போனேன். அத்தா பக்கத்தில் உட்கார்ந்து இடது காதில் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு சொன்னார்.

அந்தக் குதிரை ஒரு பழைய செஸ் புரோகிராம். எங்கோ இருக்கிற ஆளோடு ஆடலாம், பலகைக்குப் பக்கத்தில் டைப் அடித்துப் பேசலாம். பல வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்தது. அதில் ஒருநாள் வந்து மாட்டியவர் வேல்சாமி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, யார், எந்த ஊர் என்று விசாரித்தால் சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து நின்றவர். அவருக்கும் காது கிடையாது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஓர் ஆட்டம். ஆட்டம் பேருக்குத்தான். பேச்சுத்தான் முக்கியம்.

"இங்கன இருக்க விஸ்வநத்தந்தானே. ஒரு தடவ கூட நேர்ல பாத்ததில்லையா?"

"நேர்ல பாத்து என்னம்மா செய்ய? ரெண்டு செவிடனும் எதுக்க எதுக்க உக்காந்து என்ன பேச? அதுல தட்டுனா எங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்கும்."

வேல்சாமியின் போன் நம்பர் அவரிடம் இல்லை. இருவருக்கும் அது தேவைப்பட்டதில்லை. குதிரையின் பாஸ்வேர்டும் தெரியாது. பெட்டியே அதை ஞாபகம் வைத்திருந்தது.

"அழிச்சிரவான்னு நான் கேட்டேனே அத்தா? நீங்க சரின்னீகளே?"

அவர் என்னைப் பார்த்தார். "கேட்டியா?" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

லேப்டாப்பை எடுத்து அந்தப் புரோகிராமைத் தேடினேன். அதை நடத்திய கம்பெனி எப்போதோ மூடியிருந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் யாரோ ஒருவர் ஆர்வத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். புதிதாக ஆள் சேர்க்க முடியாது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் அத்தாவின் பழைய மெயிலுக்குத்தான் கடிதம் வரும். அந்த மெயிலும் காலாவதியாகியிருந்தது.

பஜார் கடைக்கு ஓடினேன். பெட்டி அங்கேதான் இருந்தது, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார்: "நாங்க அழிச்சிருந்தாக்கூட எதையாவது எடுத்துக் குடுத்திருக்கலாம் மேடம். நீங்க ரொம்பச் சுத்தமா அழிச்சிருக்கீகளே."

வேறு வழியில்லை. விஸ்வநத்தம் போவதென்று முடிவு செய்தேன். அத்தா முதலில் வேண்டாம் என்றார். காலையில் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தொட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

டவுன் பஸ்ஸில் பெண் என்பதால் எனக்கு டிக்கெட் இலவசம், அத்தாவுக்குக் காசு. கண்டக்டர் சொன்னது காதில் விழாமல் அத்தா இரண்டு பேருக்கும் நீட்டினார். கண்டக்டர் எடுத்துச் சொல்ல, இவர் வற்புறுத்த, பின்னால் இருந்தவர், "பாய், மக ஓசியிலதான் வரும், விடுங்க" என்று கத்தினார். ஆமத்தூர் தாண்டி திருத்தங்கல் வரை நின்றுகொண்டேதான் போனோம். வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். முன்னால் அட்டைப்பெட்டி ஏற்றிய லாரி. கேட்காத காதோடு அத்தா அந்த லாரியின் கயிற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "இப்பிடிக் கட்டுனா மழைக்குத் தாங்காது" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

சிவகாசியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அத்தாவுக்குத் தெரிந்த அடையாளம் கொஞ்சம்தான். தண்ணித் தொட்டிக்கு எதிர்ப்புறம், நீலக் கேட். விஸ்வநத்தத்தில் ஒன்றுக்கு மேல் தண்ணித் தொட்டி இருந்தது. பெட்டிக்கடையில் விசாரித்தேன்.

"போர்மேன் வேல்சாமியா? கத்திப் பேசுவாரே, அவரா?"

"அவரேதான்."

"இப்ப நீங்க போனீகன்னா சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிரலாம்" என்றார் கடைக்காரர்.

நீலக் கேட்டைத் திறந்த பெண் செல்வி, வேல்சாமியின் மருமகள். என்னையும் அத்தாவின் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே திரும்பி, "மாமா, ஒங்க விருதுநகர் பாய் வந்திருக்காக" என்று கூவினார். பதில் இல்லாததால் உள்ளே போய்த் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினார்.

உயரமான மனிதர். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே முழுசாக இருந்தன. மற்றவை ஏதோ ஒரு சீசனில் கம்பெனியில் போனதாகப் பிறகு செல்வி சொன்னார்.

"நல்லா இருக்கீகளா பாய்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி, பஸ்ஸுலதான் வந்தோம்" என்றார் அத்தா, அதே சத்தத்தில்.

"சாப்பிட்டீகளா?"

"மகதான். மலேசியால இருக்கு."

பக்கத்து வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நானும் செல்வியும் சிரிப்பை அடக்கப் பார்த்தோம். இருவரும் இன்னும் இரண்டு மூன்று கேள்விகளை இப்படி எறிந்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் சுவரையும் ஒருவர் தரையையும் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புப் போய்விட்டது. அத்தா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் புரிந்தது.

வேல்சாமிதான் எழுந்தார். அத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மேசைமேல் அத்தாவுடையதைவிடப் பழைய கம்ப்யூட்டர். திரையின் ஓரத்தில் அந்தக் கறுப்புக் குதிரை நின்றிருந்தது. தட்டினார். பாதியில் நின்ற ஆட்டம் திறந்தது. பக்கத்தில், பதில் வராத வரிகள் வரிசையாகக் கிடந்தன.

'பாய், ஒங்க மொறதான். யானைய நகட்டுங்க.'

'இன்னைக்கு வரலியா?'

'மக வந்திருக்கும். அதான். நல்லது. பேசிட்டு வாங்க.'

'ஒடம்புக்கு எதும் முடியலியா?'

'நான் எதும் தப்பாச் சொல்லிட்டனா பாய்?'

அத்தா கடைசி வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். வேல்சாமியின் பெயரிலேயே, இப்போது யாரும் திறக்க முடியாத தன் கணக்குக்கு, 'இல்ல அண்ணாச்சி. பெட்டி மாறிப்போச்சு' என்று தட்டினார். வேல்சாமி படித்துவிட்டு கீபோர்டை வாங்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஏதோ தட்டினார். அத்தா படித்துவிட்டுச் சிரித்தார். கீபோர்டு இங்குமங்கும் போய்வந்தது. எல்லா வரியும் வேல்சாமி பெயரிலேயே ஏறிக்கொண்டிருந்தது. எது யார் சொன்னது என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

செல்வி காராச்சேவும் டீயும் கொண்டுவந்து வைத்தார். அவர் முன்பு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். இப்போது மாமனாரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டார். "நாலஞ்சு நாளா மாமா சரியாச் சாப்பிடல. அந்தப் பாய்க்கு என்னமோ ஆயிருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. இவுக மகன் வேற சீசன் வேலையில ராத்திரிதான் வாராக. நான் யாரப் போய் விசாரிக்க?"

கையோடு கொண்டுபோயிருந்த புது லேப்டாப்பில் குதிரையை ஏற்றப் பார்த்தேன். வேல்சாமியின் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டும் புதுச் சிஸ்டம் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் உள்ளே போக வழியில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் வேல்சாமியின் பெட்டியில் புதிய எதுவும் திறக்கவில்லை. கடைசியில் அவருக்கும் ஒரு புது லேப்டாப் வாங்கித் தருகிறேன், இருவரும் வேறொன்றில் பேசலாம் என்று திரையில் தட்டிக் காட்டினேன். வேல்சாமி படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாய்க்குச் செஞ்சது போதும்மா. என் பெட்டியத் தொட்டுறாத" என்றார், பெருஞ்சத்தத்தில். விளையாட்டாகச் சொன்னாலும், புது லேப்டாப் வேண்டாம் என்பதை உறுதியாகத்தான் சொன்னார். சொன்னவர் சும்மா இருக்காமல், செல்வியிடம் என்னைக் காட்டி அதே சத்தத்தில் தொடர்ந்தார்.

"இதுதான்மா அந்த மக. அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நித்தமும் ஒரு மணி நேரம் அத்தாகூடப் பேசும். பாய் வரிவிடாம எனக்குச் சொல்லுவாரு. மக என்ன சமைச்சுச்சு, ஆபீசுல யாரு கூடச் சண்டை, பேரன் எம்புட்டு மார்க்கு. எம்மகன் இந்த வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு என்கூட ஒரு வார்த்த பேசுறதில்ல. நீ நல்ல பிள்ளம்மா."

வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, ஆபீசிலிருந்து ரயிலில் வரும்போது பேசுவேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிடும்.

அத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். வேல்சாமியின் வாய் அசைவதை அவர் பார்த்திருக்க வேண்டும். என் முகத்தையும் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த காராச்சேவை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். நான் செல்வியிடம், "ஆமாம்மா, டெய்லி பேசுவேன்" என்றேன்.

திரும்பும்போது பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிடுகிற நேரம். வெள்ளி மருந்து ஒட்டிய கைகளோடு பெண்கள் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நடந்தார்கள். பஸ்ஸில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரைச்சலில் பேச முடியாது. போனில் பெரிய எழுத்தில் தட்டி அவரிடம் நீட்டினேன்: 'நான் போன்ல பேசுறது ஒங்களுக்குக் கேக்குமா அத்தா?'

கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார். போனை என் மடியில் திரும்ப வைத்துவிட்டு, "திருத்தங்கல் வந்துருச்சு" என்றார்.

மீதியிருந்த நாட்களில் புது லேப்டாப்பில் என்னோடு டைப் அடித்துப் பேசுவதற்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகினோம். நான் போனிலிருந்து அனுப்ப, அவர் லேப்டாப்பில் பதில் அடிப்பார். வேகமாகத்தான் அடித்தார். ஆனால் வந்ததெல்லாம் 'சரிம்மா', 'சாப்பிட்டேன்', 'மருமகனுக்கு சலாம் சொல்லு' என்பதுதான். பொரையேறும்படி சிரிக்க வைக்கிற எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும் நாளன்று சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பையை நிறைத்தன. லேப்டாப் இல்லாத இடத்தில் அவை கச்சிதமாகப் பொருந்தின.

கோலாலம்பூர் வந்தபின் நித்தமும் சாயங்காலம் அத்தாவுக்கு எழுதுகிறேன். ஆபீசில் யாரோடு சண்டை, என்ன சமைத்தேன் எல்லாம் எழுதுகிறேன். விஸ்வநத்தத்துக்கு அவர் தானாகவே பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாராம். மாதத்தில் ஒரு தடவைதான் முடிகிறது, முழங்கால் வலிக்கிறது. மற்ற சாயங்காலங்களில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சாச்சிதான் சொன்னார்: "சும்மா உக்காந்திருக்காக. லைட்டப் போடப் போனா, போட்டாச்சும்மாங்காக."

ஒருநாள் துணிந்து, பஸ்ஸில் கேட்ட கேள்வியை மறுபடி எழுதினேன். அவர் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தன. பிறகு வந்தது.

'என்ன சொல்லுறன்னு தெளிவாக் கேக்காதும்மா. சத்தம் கேக்கும். ஒன் சத்தம்னு தெரியும். நல்ல சத்தமா, வருத்தமான சத்தமான்னு தெரியும். மிச்சத்த நானாச் சேத்துக்குவேன்.'

கொஞ்சம் கழித்து இன்னொரு வரி.

'எழுதுறது நல்லாருக்கு. ஆனா போனும் போடு.'

உடனே போன் போட்டேன். ரயிலில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுத முடியாத ஒன்றைச் சொன்னேன். அன்றைக்குத் திரும்பி, ஒங்க முகத்தப் பாத்து ஒரு தடவ கேட்டிருக்கணும் அத்தா. கேட்கலை. வேல்சாமியை ஒங்ககிட்ட இருந்து நான்தான் எடுத்துட்டேன், எப்படித் திருப்பித் தர்றதுன்னு தெரியலை. பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

நான் முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் அத்தாவின் குரல் வந்தது.

"அழுகாதம்மா" என்றார். "பேசு."